பயன்பாடு: சும்மா

படகைப் பதியப் போன அன்று
படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்டது: பயன்பாடு?
மீன்பிடி, போக்குவரத்து, ஏனையவை.
ஏனையவைக்கு எதிரே 'சும்மா' என்று எழுதினேன்.
எழுதுவினைஞர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"சும்மாவுக்கு ஆரும் படகு வாங்குறதோ மிஸ்?"
மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் வாங்கினது என்றேன்.
வெட்டிவிட்டு மீன்பிடி என்று எழுதினார்.
அன்றிலிருந்து என் படகில்
ஒரு தூண்டில் கிடக்கிறது, சட்டத்துக்காக,
இரையில்லாமல்.

வண்டிக்கு ஏழரைக் குதிரை வலு.
ஏழரைச் சனி என்பாள் தங்கை கௌசலா.
படகு என்ஜினுக்குப் பதினைந்து.
ஆக இருபத்திரண்டரைக் குதிரைக்கு நான் சொந்தக்காரி.
அந்த அரைக் குதிரை எதுவென்று
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.
மழை நாளில் நொண்டுவது அதுவாக இருக்கலாம்.

பத்தொன்பது வயதில் ஓடப் பழகியபோது
பெற்றோல் மருந்துப் போத்தலில் வரும்.
மூடியால் அளந்து காபரேட்டருக்கு வாசம் காட்டிவிட்டு
மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் போக வேண்டும்.
பின்னால் வருகிறவருக்குக் கண் எரியும்.
எங்கே போவதற்கும் ஒரு காரணம் வேண்டும்:
ஆஸ்பத்திரி, அரிசி, சாவு.
காரணமே இல்லாமல் ஒரு பின்னேரம்
மாங்குளத்திலிருந்து முறிகண்டி வரை போய்த் திரும்பினேன்.
இறங்கவுமில்லை, கும்பிடவுமில்லை.
பிள்ளையார் பார்த்திருப்பார்.
களவெடுத்த மாம்பழம்போல இனித்தது.

படகு வர நாற்பத்திரண்டு வயதாயிற்று.
முதல் நாள் இடப்பக்கம் போக நினைத்து
பிடியை இடப்பக்கம் தள்ளினேன்.
படகு வலப்பக்கம் போய்க்
கண்டல் மரத்துக்குள் தலையை வைத்தது.
இரண்டு நண்டுகள் எழுந்து இடம் விட்டன.
வண்டி கண் பார்க்கிற பக்கம் சாயும்.
படகுக்கோ வாலைத்தான் திருப்ப வேண்டும்,
தலை தன்பாட்டில் யோசித்து வரும்.
அதோடு படகில் பிரேக் இல்லை.
பதினொரு வருடமாகியும்
என் வலது கால் அதை நம்பவில்லை,
கரை கிட்ட வர அடிப்பலகையை மிதிக்கிறது.

சனிக்கிழமை ஆய்வுகூடம் பூட்டியதும்
பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி
பின் இருக்கையில் படகு என்ஜினை ஏற்றுவேன்.
எண்ணெய் மணம் என் முதுகில் சாய்ந்து வரும்.
யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால்
கியரைக் குறைப்பேன், அப்போது மட்டும் தேவாரம்.
ஒட்டுசுட்டான் தாண்டி வேகம் பிடிக்கையில்
காற்றுப் பட்டுப் புரொப்பெல்லர் மெல்லச் சுற்றும்.
அளம்பில் பக்கம் ஒரு பொடியன் கத்தினான்:
"அன்ரி, நீங்கள் பறக்கப் போறீங்களோ!"

போன மாசிக் கடைசியில்
கொக்கிளாய்க் களப்பு தட்டில் ஊற்றிய கஞ்சிபோலக் கிடந்தது.
அக்கரையில் புல்மோட்டை.
பிலேந்திரன் வலை கொத்திக்கொண்டிருந்தவர்,
"அங்கால றோட்டு நல்லாப் போட்டிருக்கு" என்று
சும்மா ஒரு சொல் விட்டார்.
இரண்டு பலகை வைத்து
வண்டியைப் படகில் உருட்டி ஏற்றினோம்.
நடுவில் நிறுத்திக் கயிறு போட்டோம்.
பிடி பிலேந்திரனிடம்.
எனக்கு இருக்க இடமில்லை,
வண்டியின் மேல் ஏறிக் குந்தினேன்.

இவ்வளவு காலம் முதுகில் சுமந்து வந்த என்ஜின்
இப்போது என்னையும் வண்டியையும் தள்ளிக்கொண்டு போனது.
இரண்டு பக்கமும் தண்ணீர் கிழிந்தது.
கைப்பிடியில் கை, கண்ணாடியில்
பின்னோக்கி ஓடும் கொக்கிளாய்,
மூக்கில் உப்பு.
ஐம்பத்திமூன்று வயதில் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.
நடுக் களப்பில் மிதியை உதைத்து
வண்டியையும் ஸ்டார்ட் செய்தேன்.

ஒன்று கரகரத்தது, ஒன்று முணுமுணுத்தது.
ஒரு கூட்டம் கடற்காகம்
எந்தப் பக்கம் பறப்பதென்று தெரியாமல் எழும்பியது.

"மிஸ்," என்று கத்தினார் பிலேந்திரன்,
"ஆண்டவரே எண்டு கியரை மட்டும் போட்டுடாதேங்கோ!"

போடவில்லை.
இடது கால் மட்டும்
கொஞ்ச நேரம் யோசித்தது.